சென்னை – சிங்கப்பூர்: எத்தனை கி.மீ., எத்தனை மணி நேரம்?

அரியலூரான்:
எல்லாருக்கும் வணக்கம். ஆகஸ்ட்டில் மச்சான் கல்யாணத்துக்கு ஊருக்கு வர்றேன். ராத்திரி 8:20க்கு சிங்கப்பூர் சாங்கி ஏர்போர்ட்ல ஏறினா 10 மணிக்கு மீனம்பாக்கம்னு டிக்கெட்டில் போட்டிருக்கு. அன்னைக்கே தாம்பரத்துக்கு நடுராத்திரி வாக்கில் வர்ற மலைக்கோட்டை எக்ஸ்பிரஸைப் பிடிச்சா விடியறதுக்குள்ள அரியலூர் போயிடலாம். முடியுமா முடியாதான்னு கணக்குப் போட தூரத்தைத் தேடினேன். ஒரு தளம் 1,817 மைல்னு சொல்லுது, இன்னொண்ணு 1,579 மைல்னு சொல்லுது. பறக்கிற நேரம் ஒரு இடத்தில் 3:38, ஒரு இடத்தில் 4:08. என் டிக்கெட்டில் 4:10 (சிங்கப்பூர் கடிகாரம் நம்ம ஊரை விட ரெண்டரை மணி நேரம் முன்னால). இங்க வந்தப்போ எடுத்த டிக்கெட்டில் 4:20. அதே ரெண்டு ஊர்தானே? எதை நம்புறது?

காவிரிக்கரை:
முதல் கேள்வி, அரியலூர்காரர் எதுக்குங்க சென்னைக்கு வரணும்? திருச்சிக்கு நேரடி விமானம் இருக்கு, ஸ்கூட் விமானமே போகுது. இறங்கி ஒன்றரை மணி நேரத்தில் வீடு. சிங்கப்பூர் தெற்க இருக்கு, திருச்சியும் சென்னைக்குத் தெற்க இருக்கு, அதனால பறக்கிற தூரமும் கம்மி. தாம்பரத்தில் பெட்டியோட ஓடற வேலையே இல்ல.

அரியலூரான்:
தெரியும் அண்ணா. நான் பார்த்த தேதியில் திருச்சி டிக்கெட் விலை சென்னையை விட ஒன்றரை மடங்கு. முகூர்த்த மாசம்.

தெம்பனீஸ் அக்கா:
தம்பி, 10 மணிக்கு இறங்கி 12 மணி ரயில்னா, கைப்பை மட்டும்னா யோசிக்கலாம். முப்பது கிலோ பெட்டியில சாக்லேட், தைலம், போர்வை எல்லாம் அடைச்சிக்கிட்டு வந்தா பெல்ட்டு முன்னாடி நின்னே பாதி நேரம் போயிடும். கல்யாணத்துக்குப் போறீங்க, எந்த ரகம்னு எனக்குத் தெரியும் 😀

கடல்மைல்:
அரியலூரான், விமான நிறுவனத்தில் டிஸ்பேட்ச் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். விமானி ஏறுவதற்கு முன்னால் பாதை, உயரம், எரிபொருள் எல்லாவற்றுக்கும் பிளான் போட்டுக் கொடுப்பது எங்கள் வேலை. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மைல் குழப்பம் ஒன்றுமில்லை. 1,817 என்பது தரை மைல், 1,579 என்பது கடல் மைல். ஒரு கடல் மைல் 1.852 கி.மீ. இரண்டையும் கி.மீ. ஆக்கினால் 2,924 என்றே வரும். மீனம்பாக்கத்திலிருந்து சாங்கிக்கு, பூமியின் வளைவோடு சேர்த்து அளந்த மிகக் குறுகிய தூரம் அதுதான். ஊர் மையத்திலிருந்து ஊர் மையத்துக்கு அளக்கும் தளங்களில் பத்துப் பதினைந்து கி.மீ. குறைத்துக் காட்டும்.

சாங்கி போகும் கோட்டை வரைபடத்தில் போட்டுப் பாருங்கள். வங்கக் கடலைக் குறுக்கே தாண்டி, கிரேட் நிக்கோபாருக்குச் சற்றுத் தெற்கே போய், சுமத்ராவின் வடமுனையில் பந்தா ஆச்சே பக்கம் கரை தொட்டு, மெடானை ஒட்டி மலாக்கா நீரிணை வழியாக இறங்கும். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் வரைபடத்தில் ஸ்கேல் வைத்து நேர்க்கோடு இழுத்தாலும் ஒரு கி.மீ.க்குள்தான் கூடும். சான் பிரான்சிஸ்கோ, டொரண்டோ மாதிரி வளைந்து வளைந்து போகும் கதை இங்கே கிடையாது.

இனி நேரம். 3:38 எப்படி வந்தது? தூரத்தை மணிக்கு 500 மைல் என்று வகுத்திருக்கிறார்கள். 4:08? அதோடு ஏற இறங்க அரை மணி சேர்த்திருக்கிறார்கள். அவ்வளவுதான், காற்றும் தெரியாது ஓடுதளமும் தெரியாது அந்தக் கணிப்பான்களுக்கு.

நிஜக் கணக்கு இப்படி. ஏ320 வகை விமானம் மேக் 0.78ல், அதாவது ஒலி வேகத்தில் 0.78 பங்கில் பறந்தால், நம் பக்கத்து வெப்பநிலையில் மணிக்குச் சுமார் 840 கி.மீ. வரும். 2,924ஐ வகுத்தால் 3 மணி 29 நிமிடம். மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் அந்த வேகம் இருக்காது, அதற்கு ஒரு கால் மணி நேரம். நேர்க்கோட்டில் யாரும் விட மாட்டார்கள். வான்வழிப் பாதை, புறப்படும் வளைவு, இறங்கும் வளைவு என்று நூறு கி.மீ. கூடும், அது ஒரு ஏழு நிமிடம். ஆக, சக்கரம் தரையை விட்டுத் திரும்பத் தரையைத் தொடும் வரை 3:50 சொச்சம். டிக்கெட்டில் இருப்பது அது இல்லை. கேட்டில் இருந்து பின்னால் தள்ள ஆரம்பிப்பதிலிருந்து, அந்தப் பக்கம் கேட்டில் பிரேக் போட்டு நிற்கும் வரை உள்ள நேரம். நாங்கள் ப்ளாக் டைம் என்போம். இரண்டு பக்கமும் தரையில் ஊர்வதற்கு 25 நிமிடம் போட்டால் 4:15 வந்துவிடும்.

காவிரிக்கரை சாருக்கு: திருச்சி தெற்கே மட்டும் இல்லை, சென்னைக்கு மேற்கேயும் தள்ளி இருக்கிறது. திருச்சி – சிங்கப்பூர் சுமார் 2,980 கி.மீ. சென்னையை விட அறுபது கூட. மதுரை 3,010ஐத் தாண்டும்.

காவிரிக்கரை:
அறுபது கி.மீ. விமானத்துக்கு நாலு நிமிஷம் சார். அரியலூர்காரருக்கு மீனம்பாக்கத்துக்கும் வீட்டுக்கும் நடுவுல 250 கி.மீ.க்கு மேல ரோடு இருக்கே, அதை எந்த மேக்ல பறப்பீங்க? வீட்டு வாசல்ல இருந்து வாசல் வரைக்கும் கணக்குப் போட்டா திருச்சிதான்.

கடல்மைல்:
அதை மறுக்கவில்லை. விலையை அவர் ஏற்கெனவே சொல்லிவிட்டார்.

நெட்டிலிங்கம்:
போக 4:20, வர 4:10 ஏன்னு யாரும் சொல்லலையே. சிம்பிள். பூமி மேற்கிலிருந்து கிழக்கா சுத்துது. சென்னை நம்மள நோக்கி வருது, சிங்கப்பூர் நம்மள விட்டு ஓடுது. அதனால மேற்க வர்றப்ப சீக்கிரம்.

மேகம்பார்த்தான்:
நெட்டிலிங்கம், அப்படின்னா நிலநடுக்கோட்டில் தரை மணிக்கு 1,670 கி.மீ. வேகத்தில் சுத்துது. 840ல் பறக்கிற விமானம் சிங்கப்பூரை என்னைக்குமே எட்டிப் பிடிக்க முடியாதே! பூமியோட சேர்ந்து காத்தும் சுத்துது, அந்தக் காத்துக்குள்ளதான் விமானம் பறக்குது. ஓடற ரயில் பெட்டிக்குள்ள ஈ முன்னாலயும் பறக்கும் பின்னாலயும் பறக்கும், ரயில் வேகம் அதுக்கு ஒரு பொருட்டா?

உண்மையான காரணம் மேல் காற்று. இந்த ரூட்டில் அது சுவாரசியமான விஷயம், ஏன்னா உலகத்தில் பெரும்பாலான இடத்தில் நடக்கிறதுக்கு இங்க தலைகீழ். லண்டன் – நியூயார்க் எடுத்துக்கோங்க. கிழக்கே வர்ற விமானத்துக்குப் பின்காற்று, மேற்கே போறதுக்கு எதிர்காற்று. ஒரு மணி நேரம், சில சமயம் அதுக்கு மேலயும் வித்தியாசம் வரும். பள்ளிக்கூடப் புத்தகத்தில் ஜெட் காற்றுன்னா (ரொம்ப உயரத்தில் வேகமா ஓடற காற்று) மேற்கிலிருந்து கிழக்குன்னுதான் படம் போட்டிருக்கும்.

நம்ம தலைக்கு மேல ஜூன்லருந்து செப்டம்பர் வரைக்கும் ஓடுறது கிழக்கிலிருந்து மேற்கே. தென்மேற்குப் பருவத்தில் திபெத் பீடபூமியும் வட இந்தியாவும் சூடேறி, அங்க மேல் அடுக்குக் காற்று தெற்கே உள்ள இந்தியப் பெருங்கடல் காற்றைவிட வெப்பமாகிடும். பொதுவா நிலநடுக்கோட்டுப் பக்கம்தான் சூடு, வடக்கே போகப் போகக் குளிர். அந்த ஒழுங்கு இங்க நாலு மாசம் மாறிப் போறதால மேல் காற்றின் திசையும் திரும்பிடுது. 14லருந்து 16 கி.மீ. உயரத்தில் அதோட நடுநரம்பு. அட்சரேகையில பார்த்தா 10 – 15 டிகிரி வடக்கு. சென்னை எங்க இருக்கு? 13 டிகிரி. சரியா அதுக்குக் கீழ!

இதை முதல்ல ஆராய்ஞ்சு எழுதினவர் நம்ம இந்திய வானிலைத் துறையைச் சேர்ந்த பி. கோடேஸ்வரம். 1958ல் அவரோட கட்டுரை வந்தது. பின்னாடி அந்தத் துறைக்கே தலைமை இயக்குநரா இருந்தார். மீனம்பாக்கத்தில் இருந்து இன்னைக்கும் காலையும் மாலையும் பலூன் விடறாங்க, அந்தத் தரவை எடுத்துப் பார்த்தா ஆகஸ்ட்ல இது பளிச்சுன்னு தெரியும். கீழ ஒன்றரை கி.மீ. உயரத்தில் மேற்குக் காற்று அடிக்குது, ஏற ஏறக் குறைஞ்சு, அப்புறம் திசை மாறி, மேல கிழக்குக் காற்று.

பலூன் தரவு பார்க்கத் தெரியாதவங்க ஆகஸ்ட் சாயங்காலம் மொட்டை மாடிக்குப் போங்க. காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கம் எழும்புற இடி மேகம் நம்மளை நோக்கிக் கிழக்கே வரும். ஆனா அதோட உச்சியில் பட்டறைக்கல் மாதிரி விரியற வெள்ளைப் பகுதி மேற்கே இழுத்துக்கிட்டுப் போகும். ஒரே மேகத்துக்கு அடி ஒரு பக்கம், தலை ஒரு பக்கம்.

கடல்மைல்:
மேகம்பார்த்தான் சொன்னது முழுக்கச் சரி. விமானம் பறப்பது 10, 11 கி.மீ. உயரத்தில், அதனால் அந்த ஜெட்டின் முழு பலமும் படாது. அதன் கீழ் விளிம்பு படும். வழி நெடுக மணிக்கு 60 கி.மீ. எதிர்காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். 840 போய் 780 ஆகிறது. 3:29 போய் 3:45. திரும்பும்போது அதே 60 பின்காற்று, 900 கி.மீ. ஆகிறது, 3:15. போக வர அரை மணி வித்தியாசம். டிக்கெட்டில் பத்து நிமிடம்தான் காட்டுகிறது என்றால், அட்டவணை என்பது பல மாதங்களுக்குச் சேர்த்துப் போடுவது, நாளுக்கு நாள் மாற்ற மாட்டார்கள். டிசம்பர், ஜனவரியில் இந்தப் பாதையில் மேல் காற்று அவ்வளவு வலுவாக இருக்காது, போகவும் வரவும் ஏறக்குறைய ஒரே நேரம்தான்.

இன்னொன்று, யாரும் கவனிக்காதது. மீனம்பாக்கம் பெரிய ஓடுதளம் 3,658 மீட்டர். ஒரு முனைக்கு 07, மறுமுனைக்கு 25 என்று பெயர். வடகிழக்குப் பருவத்திலும் கடல் காற்று அடிக்கும்போதும் 07ல் ஓடி நேரே கடல் பக்கம் எழும்பலாம். சிங்கப்பூர் போகிறவனுக்கு அதுவே போகிற வழி. ஜூலை, ஆகஸ்ட் இரவில் கடல் காற்று அடங்கி மேற்குக் காற்று திரும்பிவிடும், 25ல் மேற்கே பார்த்து எழும்பி, ஊரைச் சுற்றிக்கொண்டு கிழக்கே திரும்ப வேண்டும். ஐந்தாறு நிமிடம் அங்கேயே போச்சு. மேலே போனால் எதிர்காற்று. ஆடி மாதம் சிங்கப்பூர் போகிறவருக்கு இரண்டு பக்கமும் அடி.

நெட்டிலிங்கம்:
சரி. அப்ப இறங்கறப்ப பரங்கிமலை ஜன்னல் பக்கத்தில் தெரிஞ்சா 25ல் இறங்குறோம்னு அர்த்தமா?

கடல்மைல்:
ஆமாம். கிழக்கேயிருந்து வந்து மலைக்குப் பக்கத்தில் இறங்கினால் 25. ஆகஸ்ட்டில் சிங்கப்பூரிலிருந்து வருகிறவருக்கு இதிலும் லாபம், சுற்றாமல் நேரே வந்து இறங்கலாம்.

தெம்பனீஸ் அக்கா:
காத்து கணக்கெல்லாம் சரி. சாங்கிப் பக்கம் நடக்கறதையும் சொல்லணும். சென்னையில ராத்திரி 11 மணிக்கு மேல ஏறினா இங்க காலை 6 மணி. ஏப்ரல்லருந்து நவம்பர் வரைக்கும் சுமத்ரா பக்கத்தில் ராத்திரி கிளம்புற இடி மழைக் கோடு ஒண்ணு, விடியறப்ப சரியா சிங்கப்பூர் மேல வந்து நிக்கும். 'சுமத்ரா ஸ்குவால்'னு இங்க ரேடியோவிலயே சொல்வாங்க. ஒரு ஜூன் மாசம் அதில மாட்டினேன். முன் சீட் திரையில பார்த்தா எங்க விமானம் நீரிணைக்கு மேல ஓவல் ஓவலா கோலம் போட்டுக்கிட்டிருந்தது. 'சேருமிடத்துக்கு 12 நிமிடம்'னு காட்டும், ஒரு சுத்து முடிஞ்சதும் 14, மறுபடியும் 12. பக்கத்து சீட் பெரியம்மாவுக்கு முதல் விமானப் பயணம். வானம் இருட்டா இருக்கு, மின்னல் வெட்டுது, 'ஊரு கண்ணுக்குத் தெரியலையோ, தேடுறாங்களோ'ன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க. முக்கால் மணி நேரம் கழிச்சு இறங்கினோம்.

மேகம்பார்த்தான்:
அக்கா, முக்கால் மணியோட விட்டாங்களே. ரொம்ப நேரம் ஆனா பாத்தாம், செனாய்னு பக்கத்து விமான நிலையத்துக்குத் திருப்பிடுவாங்க. நம்ம சென்னை மட்டும் என்ன, 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஓடுதளமே தண்ணிக்குள்ள, நாள்கணக்கா மூடிக் கிடந்தது. 2023 மிக்ஜாம் புயலப்பவும் மூடினாங்க.

டெக்பாசஞ்சர்:
தம்பிகளா, பத்து நிமிடத்துக்கு இவ்வளவு நீளமான இழையா? எங்கள் தாத்தா காலத்தில் ரஜூலா கப்பல். சென்னையில் ஏறி, நாகப்பட்டினம் தொட்டு, பினாங்கு, கிள்ளான் துறைமுகம் எல்லாம் நின்று சிங்கப்பூர் போய்ச் சேர ஒரு வாரம். டெக் டிக்கெட் என்றால் மேல்தளத்தில் பாயை விரித்துப் படுக்கிற டிக்கெட். அப்பா காலத்தில் எம்.வி. சிதம்பரம். அது 1985ல் கடலில் தீப்பிடித்தது, அத்தோடு அந்தக் கப்பல் போக்குவரத்து நின்றது. எங்கள் வீட்டில் இன்னும் அந்தத் தகர டிரங்குப் பெட்டி இருக்கிறது, பெயின்டில் எழுதிய பெயரும் 'பினாங்' என்ற எழுத்தும் மங்காமல்.

கூடுதலாக ஒரு தகவல். இந்தியாவுக்கும் சிங்கப்பூருக்கும் இப்போது இரண்டரை மணி நேர வித்தியாசம். 1981 வரை இரண்டு மணி நேரம்தான். 1982 ஜனவரி 1 முதல் மலேசியாவில் தீபகற்பப் பக்கம் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளினார்கள், சிங்கப்பூரும் கூடவே தள்ளியது. காலை ஏழு மணிக்குத்தான் அங்கே பொழுது விடிகிறது என்றால் காரணம் அதுதான். அந்தப் பெரியம்மா ஆறே காலுக்கு ஜன்னலில் இருட்டைப் பார்த்துப் பயந்ததில் தப்பில்லை.

மட்டுறுத்துநர்:
கப்பல் நினைவுகளுக்குத் தனி இழை திறந்திருக்கிறேன், ஐயா அங்கே தொடரலாம், நாங்கள் எல்லாம் படிக்கக் காத்திருக்கிறோம். இங்கே அரியலூரான் ரயிலுக்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

அரியலூரான்:
நன்றி. இதுவரைக்கும் புரிஞ்சது: ஆகஸ்ட்ல சிங்கப்பூர்லருந்து வர்ற எனக்குப் பின்காற்று, நேரே இறங்குற ஓடுதளம். அப்ப 10 மணின்னு போட்டிருந்தா 9:45க்கே வந்துடுமா? அப்படி வந்தா ரெண்டே கால் மணி நேரம் கையில இருக்கு.

கடல்மைல்:
சாங்கியில் 8:20க்குச் சரியாகத் தள்ளினால் 9:45க்கு வர வாய்ப்பு நல்லாவே உண்டு. ஆனால் அதை நம்பி ரயில் டிக்கெட் போடாதீர்கள். முதலாவது, சாங்கியில் மாலை நேர நெரிசல். கதவைச் சாத்திவிட்டு வரிசையில் இருபது நிமிடம் நிற்பது சகஜம். இரண்டாவது, சீக்கிரம் வந்தால் உங்களுக்கு ஒதுக்கிய பே, அதாவது விமானம் நிற்கும் இடம், காலியாக இருக்காது, அதற்குப் போகும் வழியிலேயே (டாக்ஸிவே) நிறுத்தி வைப்பார்கள். காற்று கொடுத்த கால் மணியைத் தரை பிடுங்கிக்கொள்ளும். மூன்றாவது, பதினைந்து நிமிடம் வரை தாமதமானாலும் விமானத் துறைக் கணக்கில் அது 'நேரத்துக்கு வந்தது'தான். 10:15க்கு வந்தாலும் யாரும் வருத்தம் தெரிவிக்க மாட்டார்கள்.

நான் 10:15 என்று வைத்துத்தான் பிளான் போடுவேன்.

தெம்பனீஸ் அக்கா:
10:15க்கு கேட், இமிகிரேஷன்ல உங்களுக்கு முன்னாடி துபாய் விமானம், கோலாலம்பூர் விமானம் எல்லாம் வந்து நின்னா 11. பெட்டி எடுத்து கஸ்டம்ஸ் தாண்டினா 11:20. நல்ல நாளா இருந்தா இன்னும் முன்னாடி. கெட்ட நாள்னா, சொல்லவே வேணாம்.

காவிரிக்கரை:
11:20க்கு வெளிய வந்தா பிடிக்கலாம். ஆனா ஒழுங்கா கேளுங்க. மெட்ரோவில் ஏறிடாதீங்க, அது ஊருக்குள்ள போகும், தாம்பரம் போகாது. எதிர்ப்பக்கம் திரிசூலம் மின்சார ரயில் ஸ்டேஷன். ஜிஎஸ்டி ரோட்டுக்கு அடியில் சுரங்கப்பாதை இருக்கு, பெட்டியை இழுத்துக்கிட்டே போயிடலாம். பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம், தாம்பரம், கால் மணி நேரம்தான். ராத்திரியில் இடைவெளி விட்டுத்தான் வரும், ஞாயிற்றுக்கிழமைன்னா வேற அட்டவணை, பராமரிப்புன்னு திடீர்னு ரத்து பண்ணுவாங்க, முதல் நாளே பார்த்து வைங்க. பெட்டி ரெண்டுக்கு மேல இருந்தா டாக்ஸி. அந்த நேரத்தில் ரோடு காலியாத்தான் இருக்கும்.

ரயில் போயிடுச்சுன்னா அழ வேணாம். அதே ரோட்டில் கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுக்குப் போங்க. திருச்சி வண்டி விடிய விடியக் கிளம்பும். பெரம்பலூர்ல இறங்கி அரியலூர் பஸ். சென்னையைச் சுத்தி வந்தாலும் கடைசில நம்ம பக்கம் வந்துதான் ஆகணும் 😀

அரியலூரான்:
மலைக்கோட்டையில் ஒரு டிக்கெட் போட்டுட்டேன், ஆர்ஏசி 14. பெட்டி ஒண்ணுதான், 7 கிலோ, கைல. தைலம், சாக்லேட் எல்லாம் அண்ணி முன்னாடியே கொண்டு போயிட்டாங்க.

பருத்திக்காடு:
இடையில புகுறேன், மன்னிக்கவும். கோயம்புத்தூர் – சிங்கப்பூர் எவ்வளவு வரும்? எங்களுக்கும் ஆகஸ்ட்ல இதே காத்துதானா?

கடல்மைல்:
சுமார் 3,160 கி.மீ. காற்று அதேதான், 11 டிகிரியில் இருக்கிறீர்கள். போகும்போது சென்னையை விட கால் மணிக்கு மேல் கூட வைத்துக்கொள்ளுங்கள்.